பட்டாணிப் பாறையும் ஆறு நாள் கீரையும்

வணக்கம் மக்களே. கையில் எதற்குச் சுத்தியல் என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். டொக். இன்னொரு தடவை. டொக். ஃப்ரோசன் பட்டாணி பேக்கெட் இது. இதை மேசையில் தட்டினால் இப்படிச் சத்தம் வரலாமா? உள்ளே பட்டாணி கலகலவென்று உருள வேண்டாமா? நேற்றுதான் வாங்கினேன், பார்த்தால் செங்கல்.

தொழிற்சாலையில் கடுங்குளிர்க் காற்றை அடியிலிருந்து ஊதி, ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகத்தான் உறைய வைக்கிறார்கள். அது பாறையாகிவிட்டது என்றால் வழியில் எங்கேயோ உருகி, மறுபடியும் உறைந்திருக்கிறது. வாங்கும்போது குலுக்கிப் பாருங்கள் என்று மூன்று வீடியோவில் உங்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். நேற்று நான் குலுக்கினேனா? இல்லை. போன் பேசிக்கொண்டிருந்தேன்.

சரி, எனக்குத் தேவை ஒரு கைப்பிடி. உருட்டுக்கட்டையால் அடித்தேன், அசையவில்லை. சமையல் மேடையில் ஓங்கிப் போட்டேன், மூலையில் ஆறு பட்டாணி உதிர்ந்தது. அதில் ஒன்று அடுப்புக்குப் பின்னால் ஓடிவிட்டது, இன்னும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் சுத்தியல்.

உடனே “அப்பவே சொன்னோமே, ஃப்ரெஷ்தான் நல்லது” என்று கிளம்பாதீர்கள். கேமராவை இப்படித் திருப்புகிறேன். என் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைப் பாருங்கள். இந்தப் பசலைக்கீரை ஆறு நாளாக இங்கே தூங்குகிறது. இதற்குப் பெயர் ஃப்ரெஷ்ஷா? பறித்த நேரத்திலிருந்தே கீரையில் வைட்டமின் சி இறங்க ஆரம்பித்துவிடும். பட்டாணி இன்னும் மோசம். அதிலுள்ள சர்க்கரை மளமளவென்று மாவுச்சத்தாக மாறும், அதனால்தான் நாலு நாள் கழித்து உரித்தால் இனிப்பே இருக்காது. ஃப்ரோசன் பட்டாணியைப் பெரும்பாலும் பறித்த சில மணி நேரத்திலேயே உறைய வைத்துவிடுகிறார்கள். காலையில் பறித்தது கையில் கிடைத்தால் நானும் ஃப்ரெஷ் கட்சிதான். ஆறு நாள் கீரையை வைத்துக்கொண்டு பெருமை பேச என்னால் முடியாது.

ஒன்றை விட்டுவிட்டேன். உறைய வைக்கும் முன் கொதிநீரிலோ ஆவியிலோ கொஞ்ச நேரம் காட்டி எடுப்பார்கள். காயிலுள்ள நொதிகளை அடக்கத்தான் அது. இல்லாவிட்டால் ஃப்ரீசருக்குள்ளேயே நிறமும் மணமும் கெட்டுவிடும். அந்தச் சூட்டில் வைட்டமின் சி கொஞ்சம் போகும், உண்மைதான். நார்ச்சத்து அப்படியே இருக்கும்.

ஆனால் ஃப்ரோசன் பீன்ஸ்? அதை மட்டும் என்னிடம் பேசாதீர்கள். கடித்தால் கீச்சென்கிறது, அழிரப்பரைத் தின்ற மாதிரி. பீன்ஸ் எனக்கு எப்போதும் ஃப்ரெஷ்தான். பட்டாணி, சோளம் எப்போதும் ஃப்ரோசன். கீரை நான் சமைக்கும் லட்சணத்துக்கு ஃப்ரோசன். வெள்ளரிக்காயை உறைய வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வீடியோவைத் தயவுசெய்து தேடாதீர்கள். காய்க்குள் இருக்கும் தண்ணீர் மெதுவாக உறையும்போது பெரிய பெரிய ஐஸ் படிகங்களாகி, செல் சுவரையெல்லாம் குத்திக் கிழித்துவிடும். உருகியதும் தொளதொள. வேகமாக உறைந்தால் படிகம் பொடியாக இருக்கும். நூறு வருடங்களுக்கு முன் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ (Birdseye) என்ற அமெரிக்கர் பிடித்துக்கொண்டது இதைத்தான். 1912-இல் கனடாப் பக்கம் லாப்ரடார் என்ற குளிர்ப் பிரதேசத்துக்குப் போனவர், அங்கே இன்யூட் என்ற பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், உருகிய பிறகும் ருசி குறையாமல் இருப்பதையும் பார்த்து, ஊர் திரும்பி இயந்திரமே செய்துவிட்டார்.

அப்புறம், வாணலியில் தண்ணீர் விடுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு: உருக வைக்காதீர்கள். அகலமான வாணலி நன்றாகச் சூடானதும் உறைந்தபடியே போடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. மூடி வேண்டாம். சோளத்தை உருக்கி அப்படியே சாலட்டில் கொட்டும் பழக்கத்தையும் விடுங்கள், வேகவைத்துச் சாப்பிடுங்கள். லிஸ்டீரியா மாதிரிக் கிருமி குளிரில் சாகாது, உருகினால் எழுந்துகொள்ளும். ஐயோ, ஃப்ரீசர் சூட்டைச் சொல்லவில்லையே. மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே ஏறவிடாதீர்கள்.

இப்போது என் பெருமையைக் கேளுங்கள். இது கலகல, கேட்கிறதா? இது நானே போன மாதம் செய்தது. உரித்த பட்டாணியைக் கொதிநீரில் 2 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர், துணியில் ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வைத்தேன். கல்லானதும் பைக்கு மாற்றினேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. கலகல. இன்னொரு தடவை ஆட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கலகல.

அந்தச் செங்கல்லை நான் சாப்பிடப்போவதில்லை. எவ்வளவு நேரம் உருகிக் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுத்தியலால் அடித்த பேக்கெட்டைத் திருப்பி வாங்குவார்களா, சொல்லுங்கள்.