பிளாக் ஃபைவ்: ஒரே எஞ்சின், எல்லா ரயில்களுக்கும்

[திரையில்: கறுப்பு வண்ண நீராவி எஞ்சின் ஒன்றின் பக்கவாட்டுத் தோற்றம்]

வில்லியம் ஸ்டேனியர் 1932-ஆம் ஆண்டு, பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் ஸ்விண்டன் பணிமனையை விட்டு, எல்.எம்.எஸ். எனப்படும் லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளராகப் பொறுப்பேற்றார். 1923-இல் பல கம்பெனிகள் இணைந்து உருவான அந்த ரயில்வேயின் ஷெட்களில் ஒவ்வொரு பழைய கம்பெனியும் விட்டுச்சென்ற எஞ்சின்கள் வகைவகையாக நின்றன. எந்த ஷெட்டிலும் நிறுத்தலாம், எந்த வண்டியிலும் பூட்டலாம் என்று சொல்லத்தக்க ஓர் எஞ்சின் தேவைப்பட்டது. 1934-இல் அது வந்தது. கறுப்பு வண்ணமும் ஐந்தாம் ஆற்றல் வகுப்பும் சேர்ந்து அதற்கு ‘பிளாக் ஃபைவ்’ என்ற பெயரைத் தந்தன.

[திரையில்: இரு எஞ்சின்களின் சக்கரங்கள் அருகருகே]

இதன் திறமை எங்கே இருக்கிறது என்று கேட்டால், சக்கரத்தின் அளவில் என்றே நான் சொல்வேன். இதே ஸ்டேனியர் சரக்கு ரயில்களுக்காக வடிவமைத்த 8எஃப் எஞ்சினை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் பதினெட்டரை அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 28 அங்குலம், கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 225 பவுண்டு. ஆனால் 8எஃப்-இன் இயக்குச் சக்கரம் 4 அடி எட்டரை அங்குலம். பிளாக் ஃபைவின் சக்கரமோ 6 அடி. சக்கரம் சிறிதாக இருக்கும்போது அதே பிஸ்டன் விசை தண்டவாளத்தில் அதிக இழுவையாக மாறுகிறது என்பதால், 8எஃப்-இன் இழுவிசை 32,440 பவுண்டு, பிளாக் ஃபைவின் இழுவிசை 25,455 பவுண்டு. வேகத்தில் கணக்கு திரும்பிவிடுகிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் 6 அடிச் சக்கரம் நிமிடத்திற்குச் சுமார் 280 முறை சுழன்றால் போதும். சிறிய சக்கரமோ ஏறத்தாழ 357 முறை சுழன்றாக வேண்டும், அதனால் பிஸ்டன்களும் இணைப்புத் தண்டுகளும் அதே அளவுக்கு அதிகமாக அலைக்கழிக்கப்படும். விரைவு ரயில்களுக்கான ஜூபிலி எஞ்சின்களின் சக்கரம் 6 அடி 9 அங்குலம். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் 6 அடி, காலையில் சரக்கு வண்டியையும் மாலையில் பயணிகள் வண்டியையும் ஒரே எஞ்சின் இழுக்க வழிசெய்தது.

[திரையில்: கொதிகலனின் குறுக்குவெட்டு, மிகைவெப்பக் குழாய்கள் சிவப்பில்]

தொடக்கத்தில் ஒரு குறை இருந்தது. கொதிகலனிலிருந்து வரும் நீராவியை மேலும் சூடாக்காமல் சிலிண்டருக்கு அனுப்பினால், அதன் ஒரு பகுதி சுவர்களில் பட்டு நீராகிப் பயனற்றுப் போகும். ஸ்விண்டன் வழக்கப்படி ஸ்டேனியர் முதல் எஞ்சின்களுக்கு, நீராவியை அப்படி மேலும் சூடாக்கும் மிகைவெப்பக் கூறுகள் 14 மட்டுமே வைத்திருந்தார். அது போதாது எனத் தெரிந்ததும் எண்ணிக்கை 24 ஆகவும் பின்னர் 28 ஆகவும் உயர்ந்தது. தான் வளர்ந்த பணிமனையின் மரபைப் பிடித்துத் தொங்காமல் சோதனை முடிவுக்குத் தலைவணங்கிய அந்தப் பண்பு மிகுந்த மதிப்புக்குரியது.

1951 வரை மொத்தம் 842 எஞ்சின்கள் கட்டப்பட்டன. குரூ, டார்பி, ஹார்விச் பணிமனைகளுடன் வல்கன் ஃபவுண்டரி, ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் ஆகிய தனியார் நிறுவனங்களும் இவற்றைக் கட்டின. ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் மட்டும் 327 எஞ்சின்களைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எல்.எம்.எஸ்.-இன் தலைமை இயந்திரப் பொறியாளராக வந்த ஐவட், சிலிண்டருக்குள் நீராவி வந்துபோவதைக் கட்டுப்படுத்தும் கப்ரோட்டி வால்வு அமைப்பையும் ரோலர் பேரிங்குகளையும் சில எஞ்சின்களில் பொருத்திச் சோதித்தார். எல்.எம்.எஸ். உள்ளிட்ட கம்பெனிகள் அரசுடைமையானபின் உருவான பிரிட்டிஷ் ரயில்வே 1951-இல் தன் ஐந்தாம் வகுப்பு ‘ஸ்டாண்டர்ட்’ எஞ்சினை அறிமுகப்படுத்தியபோதும், ஸ்டேனியரின் கொதிகலனையே அடிப்படையாகக் கொண்டு, சக்கரத்தை இரண்டே அங்குலம் பெரிதாக்கியது.

[திரையில்: மலைச்சரிவில் ஏறும் பயணிகள் ரயில்]

1968 ஆகஸ்ட் 11 அன்று பிரிட்டிஷ் ரயில்வே நீராவிக்கு விடைகொடுத்து ஓட்டிய சிறப்பு ரயிலை இழுத்த நான்கு எஞ்சின்களில் மூன்று பிளாக் ஃபைவ்கள். இன்று 18 எஞ்சின்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றில் சில, ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியத்துக்கும் மாலெய்க்கும் இடையிலான பாதையில் சுற்றுலா ரயில்களை இழுக்கின்றன. கடும் ஏற்றங்களும் கூர்மையான வளைவுகளும் நிறைந்த அந்தப் பாதையில் அதிவேகத்துக்கு வேலையில்லை, ஏற்றத்தில் திணறாத இழுவையே வேண்டும். அந்த 6 அடிச் சக்கரம் அங்கே நன்றாகவே பொருந்துகிறது.