சீருடை போடாதவருக்கு மன்னிப்பு, போட்டவருக்கு?

[திரையில்: கண்ணாடி ஜாடி நிறைய நீல நிறக் குப்பிகள்]

பார்க்கப் பரிசுச்சீட்டுக் குலுக்கல் மாதிரி இருக்கிறதா? 1969 டிசம்பர் 1, வாஷிங்டன். 366 குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் வந்தது செப்டம்பர் 14. அன்று பிறந்த அமெரிக்க இளைஞர்களுக்குத்தான் கட்டாய ராணுவச் சேவைக்கு முதல் அழைப்பு. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது.

கல்லூரி மாணவர்களுக்குத் தள்ளிவைப்பு உண்டு. வசதியும் விவரமும் உள்ள வீட்டுப் பையன்களில் பலர் சேராமலே இருக்க வழி பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கனடாவுக்குப் போனார்கள். உழைப்பாளி வீட்டுப் பையன்கள் பலர் வேறு வழியின்றிச் சீருடை போட்டார்கள். அவர்களில் சிலர் அப்புறம் முகாமை விட்டு ஓடினார்கள்.

[திரையில்: அதிபர் ஃபோர்டு]

1974 செப்டம்பர் 8. வாட்டர்கேட் ஊழலில் பதவி இழந்த முன்னாள் அதிபர் நிக்சனுக்கு ஃபோர்டு முழு மன்னிப்புக் கொடுத்தார். நிபந்தனை எதுவும் கிடையாது. எட்டே நாளில், சேர மறுத்த, ஓடிய இந்தப் பையன்களுக்கும் ஒரு திட்டம் வந்தது: விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும், 24 மாதம் வரை பொதுச்சேவை செய்ய வேண்டும். ஓடிய சிப்பாய்கள் இந்தியானாவில் உள்ள ராணுவ முகாமில் ஆஜராக வேண்டும். கடைசியில் படையிலிருந்து விலக்கித் தரும் விடுவிப்புச் சான்றை வைத்து முன்னாள் வீரர் சலுகை எதையும் வாங்க முடியாது. அதிபருக்குச் சும்மா கிடைத்தது, இவர்களுக்கு இரண்டு வருட உழைப்பா? விண்ணப்பித்தவர்கள் சுமார் 22,000 பேர்தான்.

[திரையில்: கார்ட்டர்]

ஜிம்மி கார்ட்டர் தேர்தலுக்கு முன்பே, சியாட்டிலில் முன்னாள் வீரர்கள் மாநாட்டில் நின்று, மன்னிக்கப் போகிறேன் என்றார். கூச்சல் போட்டார்கள். ஆனாலும் பின்வாங்கவில்லை. 1977 ஜனவரி 21, பதவியேற்ற மறுநாளே, ஆள்சேர்ப்புச் சட்டத்தை மீறியவர்களை நிபந்தனையின்றி மன்னித்தார். வன்முறையில் இறங்கியவர்களுக்கு இல்லை, ஆள்சேர்ப்பு அலுவலக ஊழியர்களுக்கும் இல்லை. சரி, அதில் நியாயம் இருக்கிறது.

ஓடிய சிப்பாய்களுக்கும் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான். போகவே மாட்டேன் என்றவர் ஊர் திரும்பலாம். போய்ப் பார்த்துவிட்டு முடியாது என்றவர் மேல் வழக்கு அப்படியே நிற்கும். சிலருடைய விடுவிப்புச் சான்றுகளை மறுபரிசீலனை செய்ய கார்ட்டர் அரசு தனியாக ஒரு ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம், அப்படிச் சான்று மாறியவர்களுக்கான சலுகைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது.

[திரையில்: அமெரிக்க-கனடா எல்லை, இடாஹோ மாநிலச் சாவடி]

2006 மார்ச். 1968-ல் படையை விட்டுக் கனடாவுக்குப் போன ஒருவர் இந்த எல்லையைக் கடக்கும்போது கைதானார். சில நாட்கள் காவலில் வைத்து, படையிலிருந்து விடுவித்து அனுப்பினார்கள்.