கண்ணில்லாத கிழங்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தாவரவியல் என்றதும் லத்தீன் பெயர், நுண்ணோக்கி என்று மிரள வேண்டாம். சேலத்துக்காரர்களுக்கு அது அடுப்படியிலேயே இருக்கிறது, ஜவ்வரிசி டப்பாவுக்குள்.

எனக்கு எட்டு வயதிருக்கும். ஆத்தூர்ப் பக்கம் அம்மாயி வீடு. உருளைக்கிழங்கை நட்டுச் செடி முளைத்த மிதப்பில், ஜவ்வரிசிக்கு மாவு தரும் மரவள்ளிக்கிழங்கு ஒன்றையும் புறக்கடையில் புதைத்தேன். தினமும் தண்ணீர். பத்து நாள் கழித்துத் தோண்டினால் ஒரே நாற்றம். அம்மாயி சிரித்தார். “ஏஞ்சாமி, அதுல கண்ணே இல்லையே, எப்படி மொளைக்கும்?”

அந்தக் கண்தான் விஷயம். கைக்கெட்டும் தூரத்தில் உருளைக்கிழங்கு இருந்தால் எடுத்துப் பாருங்கள். குழிகுழியாக இருக்கிறதல்லவா, ஒவ்வொரு குழியிலும் மொட்டு. ஆக, மண்ணுக்குள் கிடந்தாலும் உருளை ஒரு தண்டு. இஞ்சியும் அப்படித்தான். மரவள்ளியைத் தடவினால் கண் தட்டுப்படாது. அது மாவு சேர்ந்து பருத்த வேர். அதனால்தான் நம் விவசாயி கிழங்கை நடாமல் குச்சியை வெட்டி நடுகிறார். குச்சியில் கணுவுக்குக் கணு கண் உண்டு. திரும்பவும் சொல்கிறேன், மண்ணுக்குள் இருப்பதெல்லாம் வேர் இல்லை. கண்ணைத் தேடுங்கள். சர்க்கரைவள்ளி வேராக இருந்தும் முளைக்கிறதே என்பீர்கள். சரி, அது தனி வழக்கு.

மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் அதன் பங்காளி நம் வயலோரத்திலேயே நிற்கிறது: ஆமணக்கு. விரல் விரித்த இலையைப் பார்த்துச் சொல்லவில்லை. பப்பாளி இலையும் அப்படித்தான், அது உறவே இல்லை. காயைப் பாருங்கள். இரண்டிலும் மூன்று அறை, அறைக்கொரு விதை. உறவு பார்க்கப் பூவும் காயும்தான் நம்பகமான சாட்சி.

லத்தீன் பெயர் என்றேனே, 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஆமணக்குக்கு எழுதிய பெயர் ரிசினஸ். அதற்கு உண்ணி என்று பொருள். ஆமணக்கு விதையைப் பார்த்தவர்களுக்குப் புரியும், மாட்டு உண்ணியேதான்! அம்மாயி வைத்த பெயர் மாதிரி இல்லை?

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஏற்காட்டில் 1963இல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற பூச்செடிகளின் தோட்டத்தைப் பற்றிப் பேசத்தான் முக்கியமாக வந்தேன். நேரமில்லை. ஒன்று மட்டும்: காப்பித் தோட்டத்து மரங்களில் தொற்றியிருக்கும் ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று பிடுங்கிப் போடுகிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேர்விட்டு உறிஞ்சும். ஆர்க்கிட் பட்டைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. குடிப்பது மழையையும் பனியையும்தான். வணக்கம்.