சிங்கத்தோட வேட்டையையே மாத்துன எறும்பு! காட்டுல யாரு யாரை நம்பி வாழுறாங்க?

[திரையில்: புல்வெளி, தூரத்துல வரிக்குதிரை கூட்டம்]

கென்யால லைகிபியான்னு ஒரு பகுதி இருக்கு. அங்க 2003-ல சிங்கங்க அடிச்ச இரைல 67 சதவீதம் வரிக்குதிரை. அப்படியே 2020-க்கு வாங்க, அது 42 சதவீதமா இறங்கிடுச்சு. அதே 17 வருஷத்துல காட்டெருமை வேட்டை பூஜ்யத்துல இருந்து 42 சதவீதத்துக்கு ஏறிடுச்சு. காட்டெருமைன்னா சும்மா இல்லைங்க, கொம்பால ஒரு குத்து குத்துனா சிங்கமே செத்துடும், அவ்ளோ ரிஸ்க். அப்படியிருந்தும் சிங்கங்க ஏன் அது பின்னாடி போச்சுன்னா, காரணம் ஒரு எறும்பு. ஆமா, நிஜமாவே எறும்புதான்.

வணக்கம் மக்களே! இன்னைக்கு ஒரு இடத்துல சேர்ந்து வாழுற உயிரினங்க ஒண்ணோட ஒண்ணு எப்படி சம்பந்தப்பட்டிருக்குன்னு பாக்கப் போறோம். ஸ்கூல் பாடத்தை ஒரே மூச்சுல முடிச்சிடுறேன். ஒண்ணு இன்னொண்ணை தின்னா வேட்டை, ரெண்டும் ஒரே சாப்பாட்டுக்கு மோதுனா போட்டி, ரெண்டுக்கும் லாபம்னா கூட்டு வாழ்க்கை, ஒட்டிக்கிட்டு உறிஞ்சுனா ஒட்டுண்ணி, ஒருத்தருக்கு லாபம் அடுத்தவருக்கு லாபமும் இல்ல நட்டமும் இல்லன்னா அதுக்கும் ஒரு பேரு. அவ்ளோதான். இதுல தப்பு எதுவும் இல்ல, ஆனா அந்த அட்டவணைல எப்பவுமே ரெண்டே ரெண்டு உயிரினம்தான் இருக்கும். காட்டுல எந்த ரெண்டு உயிரினமும் தனியா இருந்ததே கிடையாது. மூணாவதா ஒண்ணு உள்ள வந்தா, இல்ல வெளிய போனா, ஏற்கனவே இருந்த ரெண்டு பேரோட உறவே மாறிடும். நான் இந்த வீடியோல சொல்ல வர்றது இது ஒண்ணுதான்.

[திரையில்: முள்மரக் கிளை, நெருக்கமா]

இப்போ மரத்துக்கு வருவோம். கிழக்கு ஆப்பிரிக்கால விசில் அடிக்கிற முள்மரம்னு ஒண்ணு இருக்கு, வேலமரத்தோட சொந்தம். லைகிபியால பல இடங்கள்ல இருக்குற மரங்கள்ல 70 சதவீதத்துக்கு மேல இதுதான். கிளையை கிட்டத்துல பாத்தீங்கன்னா, நீட்டு நீட்டா வெள்ளை முள்ளு இருக்கும். சில முள்ளோட அடிப்பாகம் மட்டும் உருண்டையா வீங்கி, காய்ஞ்சு கருத்து, உள்ள காலியா இருக்கும். அதுல எறும்பு குட்டியா ஓட்டை போட்டு குடியிருக்கும். காத்து வீசும்போது அந்த ஓட்டை வழியா விசில் சத்தம் வரும், அதான் அந்தப் பேரு. தங்க இடம் மட்டும் இல்ல, இலைக்காம்புல இருக்குற சுரப்பில இருந்து மரமே எறும்புக்கு தேனும் குடுக்குது.

மரம் எதுக்கு இவ்ளோ செலவு பண்ணணும்? யானைக்காக! ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல தழை திங்கிற மிருகம் அது, ஒரு முழு மரத்தையே முறிச்சு போட்டுடும். ஆனா கிளைல தும்பிக்கை பட்ட உடனே எறும்பு கூட்டமா கிளம்பி தும்பிக்கைக்கு உள்ளயே போய் கடிக்கும். வெளித்தோல் எவ்ளோ தடிமனா இருந்தாலும் உள்பக்கம் ரொம்ப மென்மை, அங்க கடி வாங்குனா யானையால தாங்கவே முடியாது. இது நிஜமான்னு டோட் பால்மர், ஜேக்கப் கோஹீன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சு பாத்து 2010-ல வெளியிட்டாங்க. முள்மரக் கிளைல இருந்து எறும்பை எடுத்துட்டு குடுத்தா இளம் யானைங்க நல்லா தின்னுச்சு, அதுங்களுக்கு ரொம்ப பிடிச்ச வேற மரத்துக் கிளைல எறும்பை ஏத்தி குடுத்தா தொடவே மாட்டேன்னுடுச்சு. அப்போ யானையை தடுக்குறது முள்ளு இல்ல, எறும்புதான். சில மில்லிகிராம் எடை இருக்குற உயிரு டன் கணக்குல இருக்குற உயிரை நிறுத்துதுன்னு நினைக்கும்போது எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

இங்கதான் வில்லன் என்ட்ரி. பெருந்தலை எறும்புன்னு ஒண்ணு, மனுஷங்க கொண்டு போற சரக்கோட சேர்ந்து உலகம் பூரா பரவுனது, 2000-களோட ஆரம்பத்துல லைகிபியாக்கும் வந்துடுச்சு. அது மரத்து எறும்பை முட்டை, புழு, பெருசுன்னு ஒண்ணு விடாம தின்னு தீர்த்துடும், ஆனா மரத்தை மட்டும் காக்காது. காவல் போச்சா, யானை உள்ள வந்துச்சு. இந்த எறும்பு புகுந்த இடத்துல யானைங்க மரத்தை தின்னு முறிக்கிறது 5-ல இருந்து 7 மடங்கு அதிகமாச்சு. மரம் குறைஞ்சா வெளி திறந்துடும், திறந்த வெளில வரிக்குதிரை தூரத்துலயே சிங்கத்தை பாத்துடும். சிங்கம் பதுங்கி பக்கத்துல வந்து பாயிற ஆளு, மறைவு இல்லன்னா அதால ஒண்ணும் பண்ண முடியாது. பெருந்தலை எறும்பு வராத இடத்துல வரிக்குதிரை மாட்டுறது, வந்த இடத்தை விட கிட்டத்தட்ட 3 மடங்கு அதிகம். ஜிபிஎஸ் காலர் எல்லாம் மாட்டி இதை கண்டுபிடிச்ச ஆய்வு 2024-ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. சிங்கத்தோட எண்ணிக்கை குறையல, ஏன்னா அதுங்க காட்டெருமைக்கு மாறிடுச்சு. ஆனா அதுக்கு கூட்டமா சேர்ந்து மோதணும், உசுருக்கும் ஆபத்து.

வீடியோவை இங்க நிறுத்திடாதீங்க ப்ளீஸ், எனக்கு ரொம்ப பிடிச்ச பாகமே இனிமேதான்.

அப்போ யானை, ஒட்டகச்சிவிங்கி எதையுமே உள்ள விடாம வேலி போட்டு காப்பாத்துனா மரம் ஜம்முனு இருக்கணும் இல்ல? நிறைய பேர் அப்படித்தான் நினைப்போம். 1995-ல கென்யாலயே ம்பாலாங்கிற இடத்துல மின்வேலி போட்டு பெரிய மிருகங்களை தடுத்து வச்சாங்க. 10 வருஷம் கழிச்சு பால்மர் குழு போய் பாத்தா, வேலிக்குள்ள இருந்த மரங்கதான் மோசமா இருந்துச்சு!

ஏன்னு கேளுங்க. திருட்டு பயமே இல்லாத வீட்டுக்காரர் வாட்ச்மேன் சம்பளத்துல கை வைக்கிற மாதிரி, தின்ன யாரும் வரலன்னதும் மரம் தேனையும் வீங்குன முள்ளையும் குறைச்சுடுச்சு. சம்பளம் குறைஞ்சதும் நல்ல காவலாளியான மிமோசே எறும்போட பலம் குறைஞ்சுது, மிச்சம் இருந்ததும் மரத்தோட சாறை உறிஞ்சுற செதில் பூச்சியை வளர்த்து அதுகிட்ட இனிப்பு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. அந்த காலி இடத்துல ஷோஸ்டெட்டின்னு இன்னொரு எறும்பு குடியேறிடுச்சு. அதுக்கு வீங்குன முள்ளே வேணாம், தண்டை குடைஞ்சு துளை போடுற வண்டுப் புழு விட்டுட்டுப் போன ஓட்டைதான் அதோட வீடு, அதனால வண்டு வந்தா விரட்டாது, நல்லா வரட்டும்னு விட்டுடும். இந்த எறும்பு பிடிச்ச மரம் மெதுவா வளருது, சாவும் ரெண்டு மடங்கு. யானையை எதிரின்னு எழுதி வச்சிருந்தோம், ஆனா மரத்துக்கும் எறும்புக்கும் நடுவுல இருந்த ஒப்பந்தமே யானை இருந்ததாலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இதை படிச்ச அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல, அவ்ளோ அழகா இருந்துச்சு.

இன்னும் இருக்கு! இந்த மரத்துல மொத்தம் நாலு வகை எறும்பு போட்டி போடுது, ஒரு நேரத்துல ஒரு மரத்துக்கு ஒண்ணுதான். அதுல நைக்ரிசெப்ஸ்னு ஒண்ணு, பக்கத்து மரத்துக் கிளை தொட்டா எதிரி எறும்பு பாலம் போட்டு வந்துடும்ங்கிற பயத்துல மரத்தோட மொட்டை எல்லாம் கடிச்சு துப்பிடும். மரம் பூக்காது, காய்க்காது, அதாவது மலடாக்கிடுது. பென்சிகின்னு இன்னொண்ணு தேன் சுரப்பியையே கடிச்சு அழிச்சிடும், மத்த எறும்பு ஆசைப்படக் கூடாதாம். கேக்கவே அநியாயமா இருக்குல்ல? ஆனா 2010-ல வந்த இன்னொரு ஆய்வு மரத்தோட முழு ஆயுசையும் கணக்கு போட்டு பாத்துச்சு. நல்ல எறும்பு ஒண்ணோட மட்டும் வாழ்ந்த மரத்தை விட, வயசுக்கு ஏத்த மாதிரி இந்த நாலு வகையோடயும் மாறி மாறி வாழ்ந்த மரம்தான் அதிக வாரிசை விட்டுட்டு போகுது. சின்ன மரத்துக்கு எப்படியும் விதை பெருசா வராது, அந்த வயசுல உயிர் பிழைச்சா போதும், அப்போ மொட்டை கடிக்கிற எறும்பா இருந்தாலும் காவல் பலமா இருந்தா லாபம்தான். அதனால இது நல்ல உறவு, அது கெட்ட உறவுன்னு ஒரு நாள் போட்டோவை பாத்து யாராவது சொன்னா நம்பாதீங்க.

மரம் எறும்பு கதை மட்டும்தான் இப்படியான்னா இல்ல. கடலுக்கு போவோம், சீக்கிரம் முடிச்சிடுறேன். ராபர்ட் பெய்ன்னு ஒரு சூழலியல் ஆராய்ச்சியாளர், அமெரிக்காவோட பசிபிக் கரை, மக்கா விரிகுடா, 1963. அலை அடிக்கிற பாறைல ஒரு பகுதில இருந்த நட்சத்திர மீனை எல்லாம் நெம்பி எடுத்து கடல்ல தூக்கிப் போட்டாரு, திரும்பி வர வர போட்டுக்கிட்டே இருந்தாரு. அது முக்கியமா தின்னுட்டு இருந்தது மட்டி. தின்ன ஆள் இல்லாததும் மட்டி பாறை பூரா பரவி மத்த எல்லாரையும் நெருக்கி தள்ளிடுச்சு, 15 இனம் இருந்த இடத்துல 8 ஆச்சு. வேட்டைக்காரன் போனா இரை எல்லாம் சந்தோஷமா பெருகும்னு நினைச்சா, பாதி பேருக்கு இடமே இல்லாம போயிடுச்சு. பக்கத்துலயே நட்சத்திர மீனை தொடாம விட்ட பாறைல எல்லா இனமும் அப்படியே இருந்துச்சு, அந்த ஒப்பீடு இருக்குறதாலதான் இந்த சோதனைக்கு இவ்ளோ மதிப்பு. பெய்னோட இந்த பேப்பர் 1966-ல வந்துச்சு.

அடுத்த வீடியோவுக்கு ரெண்டு சப்ஜெக்ட் வச்சிருக்கேன். ஒண்ணு அலாஸ்கா பக்கம் கடல் நீர்நாய், கடல் முள்ளெலி, கடல்பாசிக்காடு, நடுவுல புகுந்த ஓர்கா திமிங்கலம். இன்னொண்ணு டேனியல் ஜான்சென்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1960-கள்ல மத்திய அமெரிக்கால பாத்த இன்னொரு எறும்பு மரம், அதோட இலை நுனியிலயே எறும்புக்கு சாப்பாட்டு உருண்டை முளைக்கும். எது முதல்ல வேணும்னு கமென்ட்ல போடுங்க, அதிகமா எது வருதோ அதுக்கு ஸ்கிரிப்ட் எழுதுறேன். நன்றி மக்களே!