காணாத குருவோடு ஒரு முடிச்சு

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எபிரேய மொழியில் ‘கெஷெர்’ என்றால் முடிச்சு. அந்த வேரிலிருந்து பிறந்த சொல் ‘ஹித்கஷ்ருத்’. ஹசீதிய யூதர்கள் தங்கள் குருவோடு, அதாவது ரெபேயோடு, கொள்கிற உறவுக்கு அதுதான் பெயர். நான் யூதன் அல்லன். இந்த மரபை வெளியே நின்று பல ஆண்டுகளாகப் படித்து வருகிறவன். என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: கண்ணால் காணாத ஒருவரோடு இந்த முடிச்சு எப்படி விழுகிறது?

18-ஆம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைனில், பால் ஷெம் தோவ் என்ற ஞானியிடமிருந்து கிளம்பியது ஹசீதியம் என்ற இந்த யூத பக்தி இயக்கம். குருவை நேரில் காண்பதே அதன் உயிர். அவர் மேசையைச் சூழ்ந்து நிற்க வேண்டும். அவர் பாடும்போது கூடப் பாட வேண்டும். அவர் அறைக்குள் தனியே சென்று மனத்தைத் திறந்து கொட்ட வேண்டும். வர முடியாதவனுக்கு இதில் என்ன வழி?

சபாத் என்ற கிளையின் நிறுவனர் ஷ்னெயூர் சல்மான் இந்தச் சிக்கலை மறைக்கவில்லை. 1796-இல் ஸ்லவுதாவில் அச்சான தம் ‘தன்யா’ நூலின் முன்னுரையை அவர் எப்படித் தொடங்குகிறார் தெரியுமா? அறவுரையைக் காதால் கேட்பதும் ஏட்டில் படிப்பதும் ஒன்றாகா என்று மக்கள் சொல்கிறார்களே, அந்தக் குறையிலிருந்தே தொடங்குகிறார். படிப்பவன் தன் மனம் இருக்கும் நிலைக்கேற்பத்தான் படிக்கிறான். மனம் இருண்டு குழம்பியிருந்தால் ஏட்டில் உள்ள ஒளி கண்ணில் படுவதில்லை. ஒரு நூலாசிரியர் தம் நூலின் வாசலிலேயே நின்று, நூல் என்ற பண்டத்தின் போதாமையை இப்படிச் சொல்வதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனாலும் எழுதினார். ஆலோசனை கேட்டு வந்தவர்கள் அத்தனை பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்ல நேரம் போதவில்லை. அவர்கள் கேட்டவற்றுக்கெல்லாம் விடை இந்தப் பக்கங்களில் இருக்கிறது என்றார். கையெழுத்துப் படிகள் ஊர் ஊராகப் பரவி, படியெடுத்தவர்களின் பிழைகளும் பெருகிவிட்டன. அச்சேற்ற அதுவும் ஒரு காரணம்.

ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின், அதே வழியில் வந்த ஆறாவது ரெபே யோசெப் இட்ஸ்சக் ஷ்னீர்சனுக்கு ஒருவர் எழுதிக் கேட்கிறார்: எனக்கு உங்களோடு நேர்ப் பழக்கமே இல்லையே, நான் எப்படி உங்களோடு கட்டுண்டவன் ஆவேன்? அவருடைய பதிலை 1943-இல் வெளிவந்த ஒரு நாட்குறிப்புத் தொகுப்பில் காணலாம். உண்மையான கட்டு யூத வேதமான தோராவைப் படிப்பதால் உண்டாகிறது. என் உரைகளைப் படி, நான் கேட்பதைச் செய், அதில்தான் அந்தக் கட்டு இருக்கிறது. பதிலின் சாரம் இவ்வளவுதான். வந்து பார் என்று அவர் சொல்லவில்லை.

அந்தப் பதிலை எழுதியவருக்கே அதன் சோதனை வந்தது. 1950 ஜனவரி 28, சனிக்கிழமை. அன்று படிப்பதற்கென்று அவர் ஓர் உரையை முன்கூட்டியே அச்சிட்டு அனுப்பியிருந்தார். ‘என் தோட்டத்துக்கு வந்தேன்’ என்ற, வேதாகமத்து உன்னதப்பாட்டு நூலின் வரியில் அது தொடங்கும். அன்று காலை அவர் காலமானார். அவர் தந்த தாள்கள் சீடர்களிடம் இருந்தன; தந்தவர் இல்லை.

அடுத்த ஆண்டு அதே நினைவு நாளில், நியூயார்க்கின் புரூக்லினில் 770 ஈஸ்டர்ன் பார்க்வே என்ற கட்டடத்தில், அவருடைய மருமகன் மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன் ஏழாவது ரெபேயாகத் தம் முதல் உரையைத் தொடங்கினார். முதல் சொற்கள் என்ன? ‘என் தோட்டத்துக்கு வந்தேன்.’ மாமனார் விட்டுச்சென்ற உரையின் அதே சொற்கள். அந்த உரைக்கு 20 அத்தியாயங்கள். ஆண்டுதோறும் அதே நாளில் ஓர் அத்தியாயத்தை எடுத்து விளக்கினார். இருபது ஆண்டுகளில் அது முடிந்தது. மறுபடியும் முதல் அத்தியாயத்துக்கே திரும்பினார். நண்பர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் குரு என்று கொண்டாடிய மனிதர், மறைந்த தம் குருவின் கடைசி உரைக்கு முன்னால் நாற்பது ஆண்டுகள் மாணவராக அமர்ந்திருந்தார். அவர் போதித்தவற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது இந்தச் செயல்தான்.

அவர் பேச்சு எப்படி ஏடானது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் மணிக்கணக்கில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழியில் பேசுவார். அந்தப் பேச்சுகளில் பல யூதர்களின் வார ஓய்வுநாளன்று நிகழ்ந்தவை. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை எழுதக் கூடாது, ஒலிப்பதிவுக் கருவியை இயக்கக் கூடாது. அதனால் ‘ஹோசெர்’ எனப்படும் நினைவாளர்கள் அருகே நின்று செவியாலேயே வாங்கிக்கொண்டார்கள். அவர்களில் தலைமையானவர் யோவேல் கான். பேச்சு முடிந்ததும் கூடி உட்கார்ந்து, ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுக்க, முழுவதையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். ஓய்வுநாள் கழிந்த பிறகே அது தாளுக்கு வரும். அவருடைய உரைகளில் அவரே திருத்திய ஒரு வரிசை மட்டும் 39 தொகுதிகள். இன்று எங்கோ ஒருவர் அந்த மரபின் ஏட்டைப் புரட்டும்போது, எத்தனை செவிகளைக் கடந்து அந்த வரி தம்மிடம் வந்திருக்கிறது என்பதை அறிய வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

1994 ஜூன் 12 அன்று ஏழாவது ரெபே மறைந்தார். அவருக்குப் பின் யாரும் ரெபேயாக அமரவில்லை. அவர் மறைவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் சீடர்களுக்குள்ளேயே பிணக்கு உண்டு. அதற்குள் நான் போகவில்லை. சுவரில் அவர் படத்தை மாட்டுவது எளிது. அவருடைய ஓர் உரையின் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, புரியாத வரியைப் புரியும்வரை விடாமல் பிடித்திருப்பது கடினம். அந்த ஆறாவது ரெபே கேட்டது கடினமானதைத்தான். அதைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாரத்தின் வேதப் பகுதி, வேதாகமத்துச் சங்கீதப் பாடல்கள், தன்யா ஆகிய மூன்றிலும் அன்றன்றைய பங்கு. அவற்றோடு, 1984-இல் ஏழாவது ரெபேயே தொடங்கிவைத்த, இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸின் சட்டநூல் வாசிப்பு. எந்த நாட்டில் இருந்தாலும் அந்தந்த நாளுக்கு அதே பகுதிதான்.

1992 மார்ச் 2 அன்று, மாமனாரின் கல்லறையில் நின்றிருந்தபோது, ஏழாவது ரெபேயைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சு போயிற்று. அதற்கு இரண்டு வாரம்கூட இருக்காது, ஒரு சிறு ஏட்டைத் தம் கையாலேயே வரிசையில் வந்தவர்களுக்குக் கொடுத்திருந்தார். அப்படி அவர் கொடுத்த கடைசி உரை அதுதான். ‘நீ கட்டளையிடு’ என்று கடவுள் மோசேயிடம் சொல்லும் வசனத்தில் அது தொடங்குகிறது. கட்டளை என்ற அந்த எபிரேயச் சொல்லுக்கு ‘இணைத்துவை’ என்றும் ஹசீதிய மரபு பொருள் சொல்லும். வேதத்தின் யாத்திராகம நூலில் அந்த வாரத்துக்குரிய பகுதி முழுவதையும் தேடிப் பாருங்கள்: மோசேயின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ‘நீ’ என்று மட்டும் இருக்கிறது.