ஆட்டோ டாப்-ஆஃப் மாட்டியாச்சு! ஆனால் ஒரு கிளிப்புக்கு 850 ரூபாயா?

வணக்கம் மக்களே. கடைசியில் மாட்டியாயிற்று! என் மூன்றடி ரீஃப் டேங்க்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், ஆட்டோ டாப்-ஆஃப் ஓடுகிறது. ஆவியாகிக் குறையும் தண்ணீரைத் தானே நிரப்பும் கருவி அது. பின்னால் லேசாக ஒரு 'ர்ர்ர்' கேட்டதா? அதன் பம்ப்தான், இப்போதுதான் தண்ணீர் விட்டு நின்றது. கோடை தொடங்கியதிலிருந்து காலையிலும் ராத்திரியிலும் ஜக்கோடு சம்ப் (டேங்க்குக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) முன்னால் குந்திக்கொண்டிருந்த எனக்கு இந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கிறது.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினை வாங்க மாட்டேன் என்று நான் அடம்பிடிப்பது உங்களுக்குத் தெரியும். இன்னமும் அதே கட்சிதான். சென்னை வெயிலில் 31 டிகிரிக்குப் போகிற தண்ணீரை டேங்க் மேல் இருக்கும் கிளிப் ஃபேன்களே 28க்கு இறக்கிவிடுகின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இவ்வளவு மலிவாக வேறு எதிலும் குளிர்ச்சி கிடைக்காது. ஆனால் ஃபேன் வைத்தால் தண்ணீர் மளமளவென்று குறையும். இந்த வெயிலில் எனக்கு நாளுக்கு 4 லிட்டர் வரை போகிறது.

போவது வெறும் தண்ணீர்தான், உப்பு அங்கேயே தங்கிவிடும். என் டேங்க்கும் சம்ப்பும் சேர்ந்து 200 லிட்டர். அதில் 4 லிட்டர் போனால் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு 35.7 ஆகும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டால் 37ஐத் தாண்டும். வந்ததும் பதறிப்போய் ஒரு வாளியை அப்படியே கவிழ்த்தால் உப்பு சட்டென்று இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் பவளத்துக்கு ஆகாது. இப்போது உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் எப்போது பார்த்தாலும் 35. ஹேமர் கோரல் என்கிற என் பவளம் எப்படி விரிந்திருக்கிறது பாருங்கள், இந்தக் கோடையில் இப்படி நான் பார்க்கவே இல்லை.

சரி, எதை வாங்குவது? முதலில் எனக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுகிறேன். ஆர்ஓ லைனை நேராக சம்ப்புக்கு இழுத்து, நுனியில் ஒரு மிதவை வால்வைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. மாடித் தொட்டிக்கு அது சரி. ரீஃப் டேங்க்குக்கு வேண்டவே வேண்டாம். வால்வில் உப்புப் படிந்து ஒரு ராத்திரி மூடாமல் நின்றால், ஆர்ஓ தண்ணீர் விடிய விடிய ஓடும். வீடும் நனையும், டேங்க்கும் நன்னீராகும்.

மிதவை ஸ்விட்ச் மட்டும் வைப்பதும் எனக்கு ஒப்பாது. ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் நூறு, இருநூறு ரூபாய்க்கே கிடைக்கும், ரிலே போட்டு நீங்களே கட்டிவிடலாம், எல்லாம் உண்மை. ஆனால் சம்ப்பில் நத்தை வளர்க்கிறோம் இல்லையா? அது மிதவை மேல் ஏறி உட்கார்ந்தால் மிதவை அமுங்கிவிடும். தண்ணீர் குறைந்துவிட்டது என்று நினைத்து பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் எடுத்தது இரண்டு சென்சார் வைத்தது. கீழே ஆப்டிகல் சென்சார், அதற்குக் கொஞ்சம் மேலே காவலுக்கு ஒரு மிதவை. ஆப்டிகல் சென்சாரின் நுனிக்குள் அகச்சிவப்பு ஒளி ஓடுகிறது. நுனி காற்றில் இருந்தால் ஒளி பட்டுத் திரும்பி வரும், தண்ணீரில் இருந்தால் வெளியே போய்விடும். அதை வைத்துத்தான் மட்டம் தெரிகிறது. ஜெர்மனியின் டன்ஸே கம்பெனியின் ஆஸ்மோலேட்டர் 3155 மாடல் இப்படித்தான் வேலை செய்கிறது. பம்ப் 10 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடினால் தானே நிறுத்திவிடும். என் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. நான் வாங்கிய செட் 4,200 ரூபாய். இதிலும் இரண்டு சென்சாரும் நேரக் கட்டுப்பாடும் இருக்கின்றன, இரண்டும் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது அந்த கிளிப் கதை. பம்ப்பிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் விடும் ட்யூப்பை சம்ப் விளிம்பில் பிடித்து நிறுத்த ஒரு கிளிப் வேண்டும். அது செட்டில் இல்லை! 4,200 கொடுத்த பிறகு, கிளிப் தனி, 850 ரூபாய் என்கிறார்கள். கையளவு பிளாஸ்டிக், ஒரு திருகு, அவ்வளவுதான். கொளத்தூர் மீன் தொட்டிக் கடைகளில் கடை கடையாகக் கேட்டேன். ஒருவர் 700க்கு இறங்கினார், இன்னொருவர் "இம்போர்ட் சார்" என்றார். நான் விடவில்லை. நேம் போர்டு செய்யும் கடையில் அக்ரிலிக் துண்டு ஒன்று கேட்டு, சூடுகாட்டி வளைத்து, ட்யூப் நுழைய ஓட்டை போட்டு வாங்கி வந்தேன். 60 ரூபாய்! இதோ பாருங்கள், கிட்டே காட்டுகிறேன். அசைகிறதா? அசையவே அசையாது. 850க்கு விற்பதில் இந்தப் பிடி கிடையாது.

ஆ, வால்வு விஷயத்தை விட்டுவிட்டேன். கிளிப் இவ்வளவு முக்கியமாவதே அதனால்தான். பம்ப் தண்ணீர் எடுக்கும் என் நல்ல தண்ணீர் கேன் சம்ப் பக்கத்தில் இருக்கிறது, கேனின் மட்டம் சம்ப்பின் மட்டத்தைவிட உயரம். அப்படியென்றால் பம்ப் நின்ற பிறகும் சைஃபனாகி, அதாவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ட்யூப் வழியே தானாகவே, தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு கடையில் "நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், சரியாகிவிடும்" என்று அடித்துச் சொன்னார்கள். ஆகாது! அந்த வால்வு எதிர்த்திசையைத்தான் தடுக்கும். சைஃபன் ஓடுவது பம்ப் தள்ளிய அதே திசையில். இதைச் சொன்னாலும் கேட்கவில்லை, 180 ரூபாய் வால்வை விற்பதிலேயே குறியாக இருந்தார்கள். ட்யூப்பின் வாய், கேன் நிரம்பியிருக்கும்போது உள்ள மட்டத்தைவிட உயரமாக, காற்றில் நிற்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் ட்யூப்பின் உச்சியில், கேன் மட்டத்துக்கு மேலே, ஒரு சின்ன ஓட்டை. காற்று புகுந்து சைஃபனை அறுத்துவிடும். என் அக்ரிலிக் கிளிப் உயரமாக இருப்பது அதற்காகத்தான்.

சென்சாரை, தண்ணீரை மேல் டேங்க்குக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் சம்ப்பின் கடைசி அறையில் மாட்டுங்கள். மற்ற அறைகளின் மட்டத்தைத் தடுப்புக் கண்ணாடி பிடித்து வைத்திருக்கும், ஆவியானது கடைசி அறையில்தான் தெரியும். குமிழி வரும் இடமும் வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம், ஆப்டிகல் சென்சார் குழம்பும்.

கேன் 20 லிட்டர். இன்னும் பெரியதாக வைத்தால் அடிக்கடி நிரப்ப வேண்டாமே என்று தோன்றும். நான் வைக்க மாட்டேன். எல்லாப் பாதுகாப்பும் கைவிட்டு 20 லிட்டரும் உள்ளே போனாலும் உப்பு 31.8ல் நிற்கும், கோரல் தாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதுவே 100 லிட்டர் டிரம் என்றால் 23க்கு வந்துவிடும், ஒன்றும் மிஞ்சாது. சம்ப்பில் அந்த 20 லிட்டருக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் போனால் மேல் டேங்க்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்கும் சேர்த்து இடம் வேண்டும்.

மாட்டியதும் சோதித்துவிடுங்கள். சம்ப்பிலிருந்து ஒரு மக் தண்ணீர் எடுங்கள், பம்ப் ஓட வேண்டும். நின்ற பிறகு கால் மணி நேரம் ட்யூப் வாயையே பாருங்கள், ஒரு சொட்டு கூட விழக்கூடாது. அடுத்து ஆப்டிகல் சென்சாரை மட்டும் காற்றில் தூக்கிப் பிடியுங்கள், மிதவையோ டைமரோ பம்ப்பை நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்தவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தயவு பார்க்காதீர்கள்.

கேனில் எந்தத் தண்ணீர்? ஆர்ஓ-டிஐ மட்டும், அதாவது ஆர்ஓவில் வடிகட்டி மிச்ச உப்பையும் டிஐ ரெசினில் நீக்கிய தண்ணீர். கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பூஜ்யம். வீட்டுக் குடிநீர் ஆர்ஓவில் சுவைக்காகக் கனிமம் சேர்ப்பார்கள், வாட்டர் கேனும் அப்படித்தான். நான் வாங்கிய வாட்டர் கேனில் மீட்டர் 60ஐத் தாண்டியது. போர்வெல் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். தினமும் 4 லிட்டரோடு உள்ளே போவதெல்லாம் டேங்க்கிலேயே சேர்ந்துகொண்டே இருக்கும்.

நன்னீர் செடித் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். போர்வெல் தண்ணீரில் டாப்-அப் செய்துகொண்டே இருந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும், ஆட்டோ டாப்-ஆஃப் வைத்தாலும் வாராந்தரத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தாதீர்கள். சென்சார் நுனியை மாதம் ஒரு முறை வெள்ளை வினிகரில் ஊற வைத்துக் கழுவுங்கள். அந்த அக்ரிலிக் கிளிப்பின் அளவுகளைக் கீழே போட்டிருக்கிறேன், எந்த நேம் போர்டு கடையிலும் காட்டினால் செய்துகொடுப்பார்கள். பார்க்கலாம் மக்களே.