கருப்பை வாய்ப் புற்றுநோய் குணமான பிறகு ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா?

[திரையில்: இரவு 3 மணி காட்டும் சுவர்க் கடிகாரம். முழு வேகத்தில் மின்விசிறி.]

மார்கழி மாதம். வீடே போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது. 38 வயதுப் பெண் ஒருவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து, வியர்வையில் நனைந்த நைட்டியை மாற்றுகிறார். வார்டில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. ஸ்கேனில் நோய் இல்லை. "உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா?" என்று வாய் திறக்காமல் இருக்கிறார். இப்படி இருக்கும் பெண்களுக்காகத்தான் இந்த வீடியோ. தயவுசெய்து சொல்லுங்கள்.

[திரையில்: கருப்பை, இருபுறமும் சினைப்பைகள். வரைபடம்.]

இடுப்புப் பகுதிக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சினைப்பைகளையும் செயலிழக்கச் செய்கிறது. பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடக்க வேண்டிய மாதவிடாய் நிறுத்தம் சில மாதங்களில் நடந்துவிடுகிறது. உடல் சூடு, தூக்கமின்மை, தாம்பத்தியத்தில் வலி ஆகியவை வெளியே தெரிபவை. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இல்லாமல் எலும்பு மெலிவதும் இதய நோய் அபாயம் கூடுவதும் சத்தமில்லாமல் நடக்கின்றன.

"ஹார்மோன் எடுத்தால் நோய் திரும்பிவிடும்" என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துவார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலானவை 'ஸ்குவாமஸ்' வகை, அதாவது மேற்பரப்பின் தட்டையான செல்களில் தொடங்குவது. எச்.பி.வி. வைரஸால் வருவது, ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்வதல்ல. இந்தப் பயத்தைப் பெரிதாக்கியது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்து, மார்பகப் புற்றுநோய், இதய நோய் அபாயம் கூடுவதாகச் சொன்ன, 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. சுமார் 50 வயது வரை உடலே சுரந்திருக்க வேண்டியதைத் திருப்பிக் கொடுப்பதற்கு அந்தக் கணக்கைப் பொருத்துவது நியாயமே இல்லை. ஆக, ஸ்குவாமஸ் வகை என்றால் டாக்டரின் ஆலோசனையோடு ஹார்மோன் எடுக்கலாம்.

[திரையில்: கருப்பையின் உள்சுவர், பெரிதாக.]

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவருக்குக் கருப்பை உள்ளேயே இருக்கும். மாதவிலக்கு நின்றுவிட்டாலும் அதன் உள்சுவரில் உயிருள்ள திசு மிச்சமிருக்கலாம். ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் அது தடித்து, அங்கேயே புதிய புற்றுநோய்க்கு வழி திறக்கக்கூடும். அதனால் உள்சுவர் தடிக்காமல் காக்கும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் மருந்தும் சேர வேண்டும். கருப்பையை அகற்றியவருக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டுமே போதும். தோலில் ஒட்டும் பட்டையாகவோ ஜெல்லாகவோ எடுத்தால், மாத்திரையைவிட இரத்தம் உறையும் அபாயம் குறைவு. எதுவானாலும் மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். இடையில் இரத்தக்கசிவு தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மற்ற எல்லாப் புற்றுநோய்களுக்கும் இதே பதில் பொருந்திவிடாது. சினைப்பையின் கிரானுலோசா செல் கட்டி போன்ற சில வகைகளுக்கும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் பொதுவாக ஹார்மோனைத் தவிர்ப்பார்கள்.

[திரையில்: மேசையில் விரித்து வைத்த பயாப்ஸி அறிக்கை.]

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது இந்தத் தாளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். 'ஸ்குவாமஸ்' என்ற சொல் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரவு வியர்வையைப் பற்றி அங்கேயே, அப்போதே பேசுங்கள்.